குமரி ஏன் தனியாக ஓட்டுப் போடுகிறது?

2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளில் 37 தொகுதிகளை அதிமுக அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சியவை தருமபுரியும் கன்னியாகுமரியும் மட்டும்தான். கன்னியாகுமரியில் அதிமுகவுக்கு இரண்டாம் இடம்கூட இல்லை, மூன்றாம் இடம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அதே அதிமுக மாநிலத்தில் மறுபடியும் ஆட்சி அமைத்தது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. இன்னும் பின்னால் போனால், 1967இல் விருதுநகரில் தோற்ற காமராஜரை 1969 ஜனவரி இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வைத்தது நாகர்கோவில் (இன்றைய கன்னியாகுமரி) தொகுதி. அப்போது மாநிலத்தில் திமுக ஆட்சி.

வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "அங்கே எல்லாம் மத ஓட்டுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கல்குளம் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊர் ஜங்ஷனில் சாயா குடித்துக்கொண்டே ஓட்டுக்கணக்கு பேசும் பெரியவர்களைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். அந்த ஒற்றை வரியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் இந்த ஊர்களைப் புரிந்துகொள்ளவே முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த மாவட்டம் எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் சென்னை மாகாணத்தில் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய கட்சியின் பெயர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் தலைவர் மார்ஷல் நேசமணி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது முதல்வராக இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சென்னை மாகாணத்தில் தமிழ் உணர்வு காங்கிரசுக்கு எதிரான அரசியலாக வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கே தமிழுக்காக அடி வாங்கியவர்கள் கையில் இருந்தது காங்கிரஸ் என்ற பெயர் தாங்கிய கொடி. இணைப்பு முடிந்ததும் அந்தக் கட்சி அகில இந்திய காங்கிரசில் கரைந்தது. அதனால் விளவங்கோட்டுத் தாத்தா ஒருவருக்குத் தமிழனாக இருப்பதும் காங்கிரஸ்காரனாக இருப்பதும் ஒன்றாகவே இருந்தது. இந்தி எதிர்ப்பு அலையில் மாநிலமே திமுக பக்கம் சாய்ந்த 1967இலும் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் வென்றது காங்கிரஸ் வேட்பாளர் நேசமணிதான். 1968இல் அவர் இறந்த பிறகு வந்த இடைத்தேர்தலில்தான் காமராஜர் நின்றார்.

சாதிக்கு எதிரான போராட்டத்திலும் இதே கதைதான். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் இங்கே 1820களிலேயே தொடங்கி, 1859இல் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிடும் வரை நீண்டது. ஒரு பக்கம் லண்டன் மிஷன் பள்ளிக்கூடங்கள். இன்னொரு பக்கம் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் இயக்கம், அதன் வழிபாட்டிடங்களான பதிகள், நிழல் தாங்கல்கள். சுயமரியாதை இயக்கம் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே தலை நிமிர்வதற்கான வழியை இங்குள்ளவர்கள் கிறிஸ்தவ சபையிலும் பதியிலும் தேடிக்கொண்டார்கள். மாநிலத்தின் பிற பகுதிகளில் பெரியாரும் அண்ணாவும் நிரப்பிய இடம் இங்கே ஏற்கனவே நிரம்பியிருந்தது. திராவிடக் கட்சிகள் இங்கே வேரே பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நாகர்கோவில், கன்னியாகுமரி, பத்மநாபபுரம் தொகுதிகளில் வென்றிருக்கிறார்கள், அமைச்சர்களும் ஆகியிருக்கிறார்கள். ஆனால் விளவங்கோடு 2024 இடைத்தேர்தல் வரை திமுகவையோ அதிமுகவையோ ஒருமுறைகூடத் தேர்ந்தெடுத்ததில்லை. காங்கிரஸ் அல்லது மார்க்சிஸ்ட் கட்சி, இந்த இரண்டுக்குள்தான் அந்தத் தொகுதி மாறி மாறி நின்றிருக்கிறது.

மார்க்சிஸ்ட் கட்சி எங்கிருந்து வந்தது? ரப்பர் தோட்டத்திலிருந்தும் அண்டி ஆபீசிலிருந்தும் வந்தது. எங்கள் ஊரில் முந்திரி ஆலைக்கு அதுதான் பெயர். விடியும் முன்பே நெற்றி விளக்கோடு மரத்தடிக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளியும், ஓடு உடைத்து உடைத்து விரல் கறுத்துப்போன பெண்களும் சங்கத்தில் சேர்ந்தார்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் நடப்பதும் இங்கே கேட்டுக்கொண்டே இருந்தது. 2004இல் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் வென்றார். 2006இல் விளவங்கோடும் திருவட்டாரும் அதே கட்சிக்குப் போயின. 2008 மறுவரையறையில் திருவட்டார் தொகுதியே இல்லாமல் போய், ஏழாக இருந்த தொகுதிகள் ஆறாகின. அப்புறம், 2019 முதல் திமுக கூட்டணியில் மக்களவைத் தொகுதி காங்கிரசுக்கே போகிறது. எனவே மின்னணு இயந்திரத்தில் அரிவாள் சுத்தியல் நட்சத்திரமே இருப்பதில்லை. அந்த ஓட்டு செத்துவிடவில்லை, கை சின்னத்துக்குள் கலந்து கிடக்கிறது. வெளியிலிருந்து எண்களை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

சரி, மதத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். தமிழகத்தில் வேறெந்த மாவட்டத்திலும் இப்படிச் சரிபாதிக் கணக்கு இல்லை. ஆனால் நீண்ட காலம் இது ஓட்டுக்கணக்காக இருந்ததில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் கோயில் கொடைக்கும் தம்பி சபைக்கும் போவது இங்கே சாதாரணம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரண்டு பக்கமும் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் அது உடைந்தது. பகவதி அம்மன் கோயில் கொடை விழாக் காலத்தில் தொடங்கிய மோதல், துப்பாக்கிச் சூடு, கடலோர ஊர்கள் முழுக்கப் பரவிய தீ வைப்பு. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. எங்கள் வீட்டில் அந்த மாதத்தைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரை முதல்முறையாக வேறு ஆளாகப் பார்த்த மாதம் அது என்று என் பெரியம்மா சொல்வார். ஓட்டில் அது உடனே தெரியவில்லை. 1980 முதல் 1998 வரை ஆறு முறை நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் டென்னிஸ்தான் வென்றார், காங்கிரசிலும் பிறகு தமிழ் மாநில காங்கிரசிலும் (தமாகா). ஆனால் அடியில் மண் நகர்ந்துகொண்டிருந்தது. 1957இல் இதே நாகர்கோவிலில் காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போன தாணுலிங்க நாடார் பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவரானார். அந்த ஒருவரின் பாதையே மாவட்டத்தின் ஒரு பகுதி நடந்த பாதை. ஊர் ஊராக ஞாயிறு சமய வகுப்பு வந்தது, திருவிளக்கு பூஜை வந்தது. 1996இல், திமுக-தமாகா அலை மாநிலத்தையே புரட்டிப்போட்ட அந்தத் தேர்தலில், பத்மநாபபுரத்தில் வேலாயுதன் வென்று தமிழகத்தின் முதல் பாஜக சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 1999இல் திமுக கூட்டணியில் நின்ற பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியைப் பிடித்தார்.

கடைசிப் பத்தாண்டுகளின் எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 2014இல் பொன். ராதாகிருஷ்ணன் 3,72,906 ஓட்டு வாங்கி வென்றார். 2019இல் 3,67,302 வாங்கித் தோற்றார். 2024இல் 3,66,341 வாங்கித் தோற்றார். ஒரே வேட்பாளர், ஏறக்குறைய ஒரே ஓட்டு. ஒருமுறை ஒன்றே கால் லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வெற்றி. இன்னொருமுறை 2,59,933 ஓட்டில் தோல்வி. அடுத்தது 1,79,907 ஓட்டில் தோல்வி. இந்த மூன்று பொதுத்தேர்தலிலும் தாமரை ஓட்டு பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எதிர்ப்பக்கம் பிரிந்து நின்றதா சேர்ந்து நின்றதா என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது.

2014இல் காங்கிரஸ் தனியாக நின்று சுமார் 2.44 லட்சம் வாங்கியது. அதிமுக 1.76 லட்சம், திமுக 1.18 லட்சம், மார்க்சிஸ்ட் 35 ஆயிரம். காங்கிரஸ், திமுக, மார்க்சிஸ்ட் மூன்றையும் கூட்டினால் பாஜகவைவிட ஏறத்தாழ 25 ஆயிரம் அதிகம். 2019இல் இந்த மூன்றும் ஒரே அணியில் நின்றன. அதிமுக பாஜகவோடு போனது. காகிதத்தில் கணக்குப் போட்டால் பாஜக ஐந்தரை லட்சத்துக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. காங்கிரசின் வசந்தகுமார் 6,27,235 வாங்கினார். அதாவது இரட்டை இலைக்குப் போட்டுவந்த வாக்காளர்களில் பெரும்பாலானோர் தலைமை சொன்ன பக்கம் போகவில்லை. இங்கே அதிமுக ஓட்டில் கணிசமான பகுதி எம்ஜிஆர் மீதும் ஜெயலலிதா மீதும் இருந்த பிரியத்தில் வந்த கடலோர ஓட்டும் கிறிஸ்தவ ஓட்டும். தாமரையோடு சேர்ந்ததும் அது வெளியேறிவிட்டது. 2024இல் அதிமுக தனியாக நின்று பார்த்தது. நாம் தமிழர் கட்சிக்கும் பின்னால், நான்காம் இடம். போனது திரும்பி வரவில்லை. கிழக்கே அகஸ்தீஸ்வரம் பக்கம் மட்டும் அந்தக் கட்சிக்கு உயிர் இருக்கிறது. 2021இல் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியில் தளவாய்சுந்தரம் வென்றது அதனால்தான்.

மத ஓட்டு என்ற சூத்திரத்தை வைத்து 2019ஐப் படித்தால் இன்னொரு இடத்திலும் தடுக்கும். வசந்தகுமார் அகஸ்தீஸ்வரத்து இந்து. குமரி அனந்தனின் தம்பி. அந்தக் குமரி அனந்தனின் மகள் தமிழிசைதான் அப்போது பாஜகவின் மாநிலத் தலைவர். எதிரும் புதிருமாக நின்ற இரண்டு முக்கிய வேட்பாளர்களும் இந்து நாடார்கள். கடற்கரையிலும் மேற்கிலும் சபை சபையாக ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் மதத்து ஆளுக்குப் போடவில்லை. ஒரு பக்கம் வந்துவிடக்கூடாது என்று போட்டார்கள். அதேபோல மறுபக்கத்திலும் பலர் எதையோ தடுக்கத்தான் போடுகிறார்கள். 1982இன் நிழல் அது. இரண்டு பக்கமும் உள்ளது ஆசையைவிட அதிகமாக அச்சம்.

அச்சத்துக்கு மேல் வயிற்றுப்பாடும் உண்டு. 2016இல் இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் வரும் என்று மத்திய அரசு அறிவித்தது. கடலோர ஊர்கள் கொதித்தன. பிறகு இடத்தைக் கோவளம்-மணக்குடி பக்கம் மாற்றினார்கள், எதிர்ப்பும் அங்கே போனது. அதற்கு நடுவே 2017 நவம்பர் 29 இரவு ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் நாள்கணக்கில் கடலில் போயிருந்தார்கள். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, தேடுதலும் தாமதம் என்பது அந்த ஊர்களின் குற்றச்சாட்டு. குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தொகுதி உறுப்பினர் பொன். ராதாகிருஷ்ணன் அப்போது மத்திய இணை அமைச்சர். அவர் காலத்தில் மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் எழுந்தன, அதை அவரை எதிர்ப்பவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் வராத மகனுக்காகக் கரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் மேம்பாலத்தைக் காட்டி ஓட்டு கேட்க முடியாது.

எங்கள் மலையோரப் பகுதியில் விஷயம் ரப்பர். 2011 வாக்கில் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ஷீட்டு விலை சில ஆண்டுகளில் பாதியாகச் சரிந்தது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் பால்வெட்டுக் கூலியே கட்டுபடியாகாமல் பால் வெட்டாமல் மரத்தை அப்படியே போட்டன. இறக்குமதியைக் குறை சொன்னார்கள். இறக்குமதிக்கு வழிவிட்டதாகப் பலர் குறை சொன்ன, தென்கிழக்காசிய நாடுகளோடான ஆசியான் ஒப்பந்தம் காங்கிரஸ் ஆட்சியில் வந்தது, விலை சரிந்து கிடந்தது பாஜக ஆட்சியில். அதனால் இந்தக் கோபம் ஒரு பக்கமாகத் திரண்டு விழவில்லை. ஒவ்வொரு வீடும் தனக்கு ஏற்கனவே பிடிக்காத கட்சி மேல் பழியைப் போட்டுக்கொண்டது.

இனி எங்கள் பேரூராட்சிக்குள் வருகிறேன். தமிழகத்தில் பேரூராட்சிகள் மிக நெருக்கமாக இருக்கும் மாவட்டம் இது. ஐம்பதுக்கும் மேல் உண்டு. ஊர் எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தோப்பு, வீடு, கடை, மறுபடி தோப்பு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். பேப்பர் படிக்காத சாயாக்கடை கிடையாது.

ஒரு சிற்றூரின் சாய்வை அறிய யூகம் தேவையில்லை. தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20 ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யார் எத்தனை வாங்கினார்கள் என்று காட்டும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ணும் முறை இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியும் தனித்தனியாகத் தெரிகிறது. பல இயந்திரங்களின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவியைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இலேயே சொன்னது, சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை.

இது பெரிய நகரத்தில் ஆய்வாளருக்குப் பயன்படும் தகவல். ஆயிரம் சொச்சம் வாக்காளர் உள்ள சாவடி இருக்கும் சிற்றூரில் இது வேறு மாதிரி வேலை செய்கிறது. கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடச் சாவடியில் கைக்கு எத்தனை, சபைத் தெருச் சாவடியில் தாமரைக்கு எத்தனை என்று மறுவாரமே ஊருக்குத் தெரிந்துவிடும். கைக்கு விழுந்த அந்த ஐம்பது பேர் யார் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். எண்ணியும் விடுவார்கள். அதன் பிறகு தண்ணீர்க் குழாய்க்கு மனு கொடுக்கப் போனால் "உங்க தெரு நமக்குப் போடலையே" என்ற பேச்சு வரும். எங்கள் தெருவுக்கே ஒருமுறை அது நடந்தது. யார் சொன்னார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். ரகசிய வாக்கு என்பது தனி ஆளுக்கு இருக்கிறது, தெருவுக்கு இல்லை. சிறுபான்மையாக வாழும் தெருக்கள் அதனால் மேலும் மேலும் ஒட்டி நிற்கின்றன. இதை நான் உண்மையான குறையாகவே பார்க்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தலில் இதே ஆட்கள் வேறு மாதிரி போடுகிறார்கள். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பாஜக தமிழகம் முழுக்க வென்ற வார்டுகளில் பெரும் பகுதி குமரியில்தான் கிடைத்தது. அதை வைத்து அலை என்றார்கள். எங்கள் ஊரில் நான் கண்டது, வார்டில் கட்சியைவிட ஆள் முக்கியம். ராத்திரி பத்து மணிக்குப் பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர், கிணறு வற்றியபோது லாரித் தண்ணீர் கொண்டுவந்தவர், சாவு வீட்டில் பந்தல் போட முதலில் நின்றவர். அவர் தாமரையில் நின்றாலும் அன்பியத்துப் (கத்தோலிக்கத் திருச்சபைக் குழு) பெண்கள் போடுகிறார்கள். அரிவாளில் நின்றாலும் கொடைக்கமிட்டிக்காரர் போடுகிறார். நாகர்கோவிலில் 2021இல் எம்.ஆர். காந்தி வென்றதிலும் கட்சியோடு இந்தக் கணக்கும் சேர்ந்திருந்தது. பல தேர்தல்களில் தோற்று, செருப்பில்லாமல் தெருவில் நடந்துகொண்டே இருந்த எளிய மனிதர் என்ற பெயர் அவருக்கு எதிர்க்கட்சி வீடுகளிலும் உண்டு.

பெண் வேட்பாளர்கள் விஷயத்திலும் இந்தப் பகுதி மற்ற இடங்களுக்கு முன்னால் போகிறது. ஹெலன் டேவிட்சன், லீமா ரோஸ், புஷ்பலீலா ஆல்பன், விஜயதரணி என்று வரிசை நீளும். 2024 பிப்ரவரியில் விஜயதரணி பாஜகவுக்குப் போனதால் வந்த விளவங்கோடு இடைத்தேர்தலில் காங்கிரஸ், பாஜக, அதிமுக மூன்றும் பெண்களையே நிறுத்தின. வென்றவர் காங்கிரசின் தாரகை கத்பர்ட். மூன்று முறை தொடர்ந்து ஜெயித்த ஆள் கட்சி மாறியும் தொகுதி மாறவில்லை.

கோயில் தெருச் சாவடியும் சபைத் தெருச் சாவடியும் எப்படிப் போடும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். எங்கள் ஜங்ஷன் பள்ளிக்கூடத்துச் சாவடிதான் தெரியாது. அங்கே கடைக்காரர்கள், வாடகைக்கு வந்த ஆசிரியர்கள், கலந்து கட்டிய வீடுகள், தக்கலையிலிருந்து வந்து குடியேறிய இரண்டு முஸ்லிம் குடும்பங்கள், அண்ணன் கோயிலும் தம்பி சபையுமாக இருக்கும் ஒரு பழைய வீடு. போன மூன்று தேர்தலிலும் அங்கே முதல் இரண்டு இடங்களுக்கு நடுவே இருபது முப்பது ஓட்டுதான் வித்தியாசம். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் படிவம் 20 வந்தவுடன் நான் முதலில் தேடுவது அந்தச் சாவடியின் எண்ணைத்தான்.